மஞ்சக்கிழங்கைப் பிடுங்கிப் பார்ப்போம், மாருல வந்ததைப் பார்க்க மாட்டோமா?



மஞ்சள் வேக வைக்கிறதைப் பத்தி இந்த வாரம் எழுதறேன்னு சொல்லியிருந்தேன். கொப்பரையா, பாய்லரா, எதுல விறகு மிச்சம்னு கணக்கெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். அது அடுத்த வாரம். இன்னைக்கு வேற விஷயம். கொஞ்சம் கோபத்தோடதான் எழுதறேன். படிச்சுட்டு யாருக்காச்சும் சுருக்குன்னு இருந்தா இருக்கட்டும்.

எங்க பக்கத்துல ஒரு பேச்சு இருக்கு. "கட்டியில கத்தி படக்கூடாது. ஊசி குத்துனா பரவிடும்." டீக்கடையில சொல்றாங்க, பால் சொசைட்டியில சொல்றாங்க, எழவு வீட்டுப் பந்தல்ல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டே சொல்றாங்க. சொல்றவங்கள்ல முக்காவாசிப் பேர் ஆம்பளைங்க. இவங்க யாருக்கும் கட்டி வரலை. வந்திருக்கிறது வேற ஒருத்தருக்கு. அந்தம்மா பேசாம உள்ளே சோறாக்கிக்கிட்டு இருக்கும்.

இந்தப் பேச்சு தப்பு. வெறும் தப்புன்னா பரவாயில்லை, ஆளைக் கொல்ற தப்பு. அதைத்தான் இன்னைக்கு எழுதப் போறேன்.

எங்க பெரியப்பா மகள் ஒருத்தங்க. எனக்கு அக்கா முறை. வயசு 48. அவங்க "எழுது கண்ணு, நாலு பேருக்கு ஆகட்டும்"னு சொன்னதாலதான் எழுதறேன். பேரும் ஊரும் போடலை. தை மாசத்துல ஊருக்கு வந்த நர்ஸம்மா கையால தடவிப் பார்த்துட்டு, இடது பக்கம் சின்னதா தடிப்பு இருக்கு, போய் படம் எடுத்துருங்கன்னு சொல்லியிருக்காங்க. அக்கா ரெண்டு மாசம் யார்கிட்டயும் சொல்லலை. வீட்டுல ரெண்டு ஏக்கர் மஞ்சள் வெட்டு. "வெட்டு முடியட்டும்"னு இருந்துட்டாங்க. அப்புறம் டவுன்ல ஒரு ஸ்கேன் சென்டர்ல மேமோகிராம் எடுத்தாங்க. ஒரு கவருக்குள்ள ரிப்போர்ட்டை வெச்சுக் குடுத்து "டாக்டர்கிட்ட காட்டிக்கங்க"ன்னு அனுப்பிட்டாங்க. டாக்டர் ரெண்டு நிமிஷம் பார்த்தாரு. "தெளிவா இல்லம்மா, பயாப்ஸி எடுத்தாத்தான் தெரியும்"னாரு. அவ்வளவுதான், அடுத்த டோக்கன். பயாப்ஸின்னா என்ன, எதுக்கு, எடுக்காட்டி என்ன ஆகும், ஒண்ணும் சொல்லலை.

மிச்சத்தை நம்ம ஆளுங்க சொன்னாங்க. ராத்திரியே வீட்டுல கூட்டம். மாமியார், மாமா, மாமாவோட அண்ணன், உரக்கடை வெச்சிருக்கிற பங்காளி, திருப்பூர்ல இருந்து போன்ல ஒருத்தர். ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கடைசியில "வேண்டாம், ஆறு மாசம் நாட்டு மருந்து பார்ப்போம்"னு தீர்மானம் போட்டாங்க. அக்காவை ஒரு வார்த்தை கேக்கலை. இத்தனை பேர் பேசுனதுல ஒருத்தர் வாயிலகூட மாருங்கற வார்த்தை வரலை. "அங்க", "அந்த இடத்துல", "நெஞ்சுல"ன்னுதான் பேசுனாங்க. பேர் சொல்லவே கூச்சப்படற உறுப்பைப் பத்தி முடிவு மட்டும் கூச்சமில்லாம எடுத்துட்டாங்க.

ரிப்போர்ட் இங்கிலீஷ்ல இருந்ததால என் கைக்கு வந்துச்சு. நான் டாக்டர் இல்லைங்க. ஆனா படிச்சேன், படிச்சதைத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர்கிட்ட கேட்டு சரி பார்த்தேன். அதை அப்படியே சொல்றேன்.

ரிப்போர்ட்ல இருக்கிற நம்பர்

மேமோகிராம் ரிப்போர்ட்டோட கடைசியில ஒரு நம்பர் இருக்கும். பைராட்ஸ்னு பேர். அமெரிக்காவுல கதிரியக்க டாக்டர்கள் சங்கம் உண்டாக்குன அளவு. நம்ம ஊர்லயும் இதைத்தான் போடறாங்க. 0-ல இருந்து 6 வரைக்கும் இருக்கு.

1-ன்னா ஒண்ணுமில்லை. 2-ன்னா ஏதோ இருக்கு, ஆனா கெட்டது இல்லை. 3-ன்னா அநேகமாக் கெட்டது இல்லை. புற்றுநோயா இருக்கிற வாய்ப்பு நூத்துல 2-க்கு மேல இல்லை. இதுக்கு வழக்கமா ஊசி போடமாட்டாங்க, 6 மாசம் கழிச்சு மறுபடி படம் எடுக்கச் சொல்லுவாங்க. 4-ன்னா சந்தேகம். 5-ன்னா அநேகமாப் புற்றுநோய், நூத்துக்கு 95-ம் அதுக்கு மேலயும். 6-ன்னா ஏற்கெனவே புற்றுநோய்னு உறுதியானது.

0-வைக் கடைசியாச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. பூஜ்யம்னா ஒண்ணுமில்லைன்னு நினைச்சு ரிப்போர்ட்டைப் பீரோவுல வெச்சுப் பூட்டுறவங்க இருக்காங்க. அப்படி இல்லைங்க. 0-ன்னா "இந்தப் படத்தை மட்டும் வெச்சு முடிவு சொல்ல முடியலை, இன்னும் படம் எடுக்கணும், ஸ்கேன் பண்ணணும், இல்லாட்டி பழைய படத்தோட ஒப்பிட்டுப் பார்க்கணும்"னு அர்த்தம். வேலை பாதியில நிக்குதுன்னு அர்த்தம்.

இந்த 4-க்குள்ளயே மூணு இருக்கு. 4ஏ-ன்னா புற்றுநோயா இருக்க வாய்ப்பு நூத்துல 2-க்கு மேல, 10 வரைக்கும். 4பி-ன்னா 10-ல இருந்து 50. 4சி-ன்னா 50-ல இருந்து 95. எங்க அக்காவுக்கு வந்தது 4ஏ. அதாவது நூறு பேர் இதே ரிப்போர்ட்டோட வந்தா, அதுல 90 பேருக்கு மேல புற்றுநோய் இல்லை. இதைக் கேட்டதும் அக்கா முதல் தடவையா மூச்சு விட்டாங்க. இந்த ஒரு வரியைச் சொல்ல அந்த ஆஸ்பத்திரியில யாருக்கும் நேரமில்லை.

படம் தெளிவா இல்லாததுக்கு அக்கா உடம்புல கோளாறுன்னு அர்த்தம் இல்லை, மெஷின்ல கோளாறுன்னும் அர்த்தம் இல்லை. மேமோகிராம்ல கொழுப்பு கறுப்பாத் தெரியும். பால் சுரப்பியும் நாரும் வெள்ளையாத் தெரியும். கட்டியும் வெள்ளை. சதை கெட்டியா இருக்கிறவங்களுக்கு, அதுவும் வயசு குறைஞ்சவங்களுக்கு, வெள்ளைக்குள்ள வெள்ளையைத் தேடணும். நீர்க்கட்டி, நார்க்கட்டி, பழைய சீழ், காசநோய், மாடு முட்டுனதுல உள்ள கொழுப்பு செத்துத் தடிச்சது, இப்படிப் பலதும் படத்துல சந்தேகமாத் தெரியலாம். படம் நிழலை மட்டும்தான் காட்டும். அது என்ன சதைன்னு சதையைப் பார்த்தாத்தான் தெரியும்.

நம்ம காட்டுல என்ன செய்யறோம்?

மஞ்சள்ல இலை மஞ்சளாகுது. எதுக்கு ஆகுது? இரும்புச்சத்து குறைஞ்சா ஆகும், அதுக்கு அன்னபேதி கரைச்சு அடிப்போம். தண்ணி தேங்கிக் கிழங்கு அழுக ஆரம்பிச்சாலும் ஆகும். பயிர் முத்தி வெட்டுக்கு வந்தாலும் ஆகும். வரப்புல நின்னு பார்த்தா மூணும் ஒண்ணுபோலத்தான். என்ன செய்வோம்? இறங்கி ஒரு குத்தைப் பிடுங்குவோம். கிழங்கை நசுக்கிப் பார்ப்போம், மோந்து பார்ப்போம். கொழகொழன்னு இருந்தா அழுகல், அதுக்கு உண்டானதைப் பார்ப்போம். கல்லு மாதிரி இருந்தா நிம்மதியா வீட்டுக்கு வருவோம்.

"பிடுங்குனா அழுகல் காடு முழுக்கப் பரவிடும், அதனால பிடுங்காதே, ஆறு மாசம் பொறு"ன்னு எவனாச்சும் சொன்னா அவனை வெள்ளாமைக்காரன்னு ஒத்துக்குவோமா? அழுகலா, சத்துக்குறைவான்னு தெரியாம மருந்தடிக்கிறவனைப் பார்த்து நாமே சிரிப்போமே.

பயாப்ஸிங்கறதும் அந்த ஒரு குத்தைப் பிடுங்கிப் பார்க்கிறதுதான். அது வைத்தியம் இல்லை, ஆபரேஷனும் இல்லை. தெரிஞ்சுக்கிற வேலை, அவ்வளவுதான்.

மாட்டுக்கு மடி கல்லாச்சுன்னா ராத்திரி 10 மணிக்கு டாக்டருக்குப் போன் போடறோம். விடியறதுக்குள்ள ஊசி. ஏன்னா காலையில சொசைட்டிக்குப் பால் ஊத்தணும். வீட்டுப் பொம்பளைக்கு மாரு கல்லாச்சுன்னா வெட்டு முடியட்டும், நோம்பி முடியட்டும், பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு தள்ளிப் போடறோம். இதை எழுதறதுக்கே எனக்குக் கை கூசுது. இதைச் செய்யறவங்களுக்குக் கூசலையே.

"பரவிடும்"ங்கறவங்களுக்கு

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சுப் பார்த்தேன். அந்தக் காலத்துல கட்டி உடைஞ்சு நாத்தம் எடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அப்பவே நோய் எலும்புக்கும் ஈரலுக்கும் போயிருக்கும். அங்க டாக்டர் சதை எடுத்துப் பார்ப்பாரு. மூணு மாசத்துல ஆள் போயிடும். ஊர் கண்ணுக்கு என்ன தெரிஞ்சது? "நல்லாத்தான் இருந்தா, ஊசி குத்துனாங்க, செத்துப் போயிட்டா." காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஊசிக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே நோய் நடந்து போனது யார் கண்ணுக்கும் தெரியலை.

நேர்மையாவே பேசுவோம். ஊசி போய் வர்ற தடத்துல ஒண்ணு ரெண்டு செல் நகர்றது உண்டா? உண்டு, ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. ஆனா நகர்ந்த செல்லு பெரும்பாலும் அங்கேயே செத்துப் போகுது. அந்தத் தடத்துல நோய் திரும்ப முளைக்கிறது ரொம்ப அபூர்வம். பயாப்ஸி எடுத்ததால ஒருத்தரோட ஆயுசு குறையுதுங்கறதுக்கு ஆதாரம் இல்லை. உண்மையாவே புற்றுநோயா இருந்தா, பின்னாடி செய்யற ஆபரேஷனும் கரண்டு வைத்தியமும் அந்த இடத்தையும் சேர்த்துத்தான் பார்த்துக்குது. தொடாம விட்ட புற்றுநோய் பரவுறதைத் தடுக்கத்தான் எதுவும் இல்லை. பரவறதுக்குப் பயப்படறவங்க பயப்பட வேண்டியது ஊசிக்கு இல்லைங்க, காலண்டருக்கு.

உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை போட்ட கணக்கு ஒண்ணு சொல்றேன். 2022-ல இந்தியாவுல புதுசா மார்பகப் புற்றுநோய் வந்தவங்க சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பேர். அதே வருஷம் அதுல இறந்தவங்க சுமார் 98 ஆயிரம். அமெரிக்காவுல அதே வருஷம் புதுசா வந்தது சுமார் 2 லட்சத்து 74 ஆயிரம், இறந்தது சுமார் 43 ஆயிரம். அங்க நோய் அதிகம், சாவு பாதிக்கும் கம்மி. படம் எடுத்துத் தேடித் தேடிப் பார்க்கிறதால சின்னச் சின்னதும் அவங்க கணக்குல சேருதுங்கறது உண்மைதான். அதைக் கழிச்சாலும் மிச்சம் நிக்கிற வித்தியாசத்துல பெரிய பங்கு, நாம தாமதமாப் போறது. அவங்க ஊசிக்கும் நம்ம ஊசிக்கும் வித்தியாசம் இல்லைங்க.

மும்பையில டாடா ஆஸ்பத்திரி 1998-ல ஆரம்பிச்சு 20 வருஷம் ஒரு ஆராய்ச்சி நடத்துச்சு. சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள். மெஷின் இல்லை, பயிற்சி குடுத்த சுகாதாரப் பணியாளர்கள் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கையால தடவிப் பார்த்தாங்க. சந்தேகம் இருந்தவங்களை மேல பரிசோதனைக்கு அனுப்புனாங்க. 50 வயசைத் தாண்டுன பெண்கள்ல மார்பகப் புற்றுநோய்ச் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைஞ்சது. எங்க ஊருக்கு வந்த நர்ஸம்மா செஞ்சதும் அதே வேலைதான். ஆனா அந்தம்மா கண்டுபிடிச்சதைப் பந்தல்ல உக்காந்து நாம கவுத்துட்டா, அந்தக் கைக்கு என்ன பிரயோசனம்?

"நூத்துல தொண்ணூறு ஒண்ணுமில்லைன்னா எதுக்குங்க குத்தணும்?"

உரக்கடைப் பங்காளி கேட்டது இது. நல்ல கேள்விதான். மத்தவங்க பேச்சை விட இதுக்குத்தான் பதில் சொல்லணும்னு தோணுச்சு.

ஒண்ணு, மிச்சம் இருக்கிற பத்துக்குள்ள நாம இருக்கோமான்னு தெரியாது. ஊசியால வர்ற கஷ்டம் ரெண்டு நாள் வலி, கன்னிப்போன தோல், எப்பவாச்சும் ரத்தக்கட்டு, ரொம்ப அபூர்வமா சீழ். ஊசி போடாததால வர்ற கஷ்டம் அந்தப் பத்துல ஒருத்தரா இருந்தா உசுரு. ரெண்டையும் தராசுல வெச்சுப் பாருங்க. நாங்க மஞ்சளுக்கு அழுகல் வர்றதுக்கு முன்னாடியே விதைநேர்த்தி பண்றோமே, அது நூத்துக்கு நூறு வரும்னா பண்றோம்?

ரெண்டு, அந்தத் தொண்ணூறு பேருக்கும் இதுல லாபம் இருக்கு. "ஒண்ணுமில்லை"ன்னு தெரிஞ்சு தூங்கறது சும்மா இல்லைங்க. அக்கா ஒரு மாசமா ராத்திரி 2 மணிக்கு எந்திரிச்சு வாசல்ல உக்காந்திருந்தாங்க. இதை மாமாவே சொல்றாரு. அந்த ஆறு மாச நாட்டு மருந்துக் காலம் முழுக்க இப்படித்தான் உக்காந்திருக்கணும்னு யாரும் யோசிக்கலை.

அடுத்து நாட்டு மருந்து. "வெறும் வயித்துல மஞ்சள் சாப்பிட்டா கட்டி கரையும்"னு வாட்ஸ்அப்ல வந்ததைத் திருப்பூர்க்காரர் அனுப்பி வெச்சாரு. மஞ்சள் விதைக்கிறவன் நான். விலை ஏறணும்னு சாமி கும்பிடறவன். என் சரக்கு புற்றுநோயைக் கரைக்கும்னா முதல்ல நான்தானே பந்தல் போட்டு விக்கணும்? மஞ்சள்ல இருக்கிற குர்குமினை வெச்சு ஆராய்ச்சி நடக்குது, நிஜம்தான். ஆனா சாப்பிடற மஞ்சள்ல இருந்து அது ரத்தத்துல சேர்றது ரொம்பக் கம்மி. மாருல இருக்கிற கட்டியை மஞ்சள் கரைச்சதுன்னு நிரூபணம் இல்லை. குழம்புக்குப் போடுங்க, பொங்கலுக்குக் கட்டுங்க. பயாப்ஸிக்குப் பதிலா வைக்காதீங்க. இன்னொண்ணு, அது என்னன்னே தெரியாம எதைக் கரைக்க மருந்து சாப்பிடறது? ஆறு மாசம் கழிச்சு கட்டி அப்படியே இருந்தா, நீர்க்கட்டியையும் புற்றுநோயையும் எதை வெச்சுப் பிரிப்பீங்க?

இந்தப் பக்கமும் சொல்லணும்

ஊர்க்காரங்களை மட்டும் திட்டிட்டுப் போனா நியாயம் இல்லை. வெள்ளைக் கோட்டுக்காரங்க சில பேரும் இதுக்குப் பொறுப்பு.

ரெண்டு நிமிஷத்துல "பயாப்ஸி எடு"ன்னு அனுப்பற டாக்டர், அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லாம விட்ட இடத்துலதான் டீக்கடைப் பேச்சு வந்து உக்காருது. இன்னொரு ஐந்து நிமிஷம் பேசியிருந்தா அந்த ராத்திரிக் கூட்டமே தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு வகை இருக்காங்க. "எதுக்கும்மா பயாப்ஸி, சந்தேகமா இருக்கு, மொத்தமா எடுத்துடலாம்"னு நேரா கத்தியைத் தூக்கறவங்க. இதையும் ஒத்துக்காதீங்க. ஒண்ணுமில்லாத கட்டிக்கு மாரையே இழக்க வேண்டி வரலாம். புற்றுநோயாவே இருந்தாலும் அதுல வகை இருக்கு. ஹார்மோனுக்குக் கட்டுப்படுதா, ஹெர்-2ன்னு ஒரு புரதம் இருக்கான்னு சதையை வெச்சுத்தான் பார்க்க முடியும். சிலதுக்கு முதல்ல மருந்து ஏத்தி அப்புறம் ஆபரேஷன், சிலதுக்கு முதல்ல ஆபரேஷன். வரிசை மாறுனா வைத்தியம் மாறிப்போகும். ஊசி வேண்டாம்ங்கறவரும், ஊசி இல்லாம வெட்டுங்கறவரும் ஒரே தப்பைத்தான் செய்யறாங்க. ரெண்டு பேருமே பார்க்காம முடிவு எடுக்கறாங்க.

எல்லாத்துக்கும் ஊசி போடணும்னு நான் சொல்லலை. முன்னாடியே சொன்னேன், 3-ம் நம்பருக்கு 6 மாசம் பொறுக்கிறது சரியான வைத்தியம்தான். 0-வுக்கு முதல்ல ஸ்கேன், அப்புறம்தான் மத்ததெல்லாம். இன்னொரு டாக்டர்கிட்ட ரிப்போர்ட்டைக் காட்டறதும் தப்பில்லை, ரெண்டு வாரத்துல காட்டிட்டு வந்துடலாம். பொறுக்கலாம், ஆனா தேதி போட்டுப் பொறுங்க. "ஆவணி 10-ந் தேதி மறுபடி படம்"னு காலண்டர்ல எழுதி வெச்சா அது வைத்தியம். "பார்க்கலாம்"னு சொன்னா அது சாக்கு.

முடிவு யாரோடது?

"வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடட்டும்"னு ஆஸ்பத்திரியில சொல்லுவாங்க. வீட்டுலயும் "மாமனைக் கேட்டுக்கலாம்"பாங்க. விவரம் தெரிஞ்ச, வயசு வந்த பெண்ணோட உடம்புக்கு அவங்க சம்மதம்தான் சம்மதம். புருஷன் கூட நிக்கலாம், கையைப் பிடிச்சுக்கலாம், வண்டி ஓட்டலாம். முடிவு அவங்களோடது.

இன்னொரு பயமும் அக்காவுக்கு இருந்துச்சு: "டெஸ்ட்டுன்னு உள்ள கூட்டிட்டுப் போய் அப்படியே அறுத்துட்டா?" இதுக்கும் பதில் இருக்கு. 2008-ல உச்ச நீதிமன்றம் ஒரு வழக்குல தெளிவாச் சொல்லியிருக்கு: பரிசோதனைக்குக் குடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குக் குடுத்த சம்மதம் ஆகாது. அந்த வழக்குல மயக்கத்துல இருந்த பெண்ணுக்காக அம்மா குடுத்த சம்மதத்தையே கோர்ட் ஏத்துக்கலை. அதனால பயாப்ஸிக்குக் கையெழுத்துப் போடறவங்க "பயாப்ஸி மட்டும்"னு எழுதச் சொல்லிக் கேக்கலாம். அது உங்க உரிமை.

இதையெல்லாம் அக்காகிட்ட ஒரு மத்தியானம் உக்காந்து சொன்னேன். எடுங்கன்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "படுக்கணுமா தம்பி, எத்தனை நாள்?" அரை மணி நேரம்னேன். "இதுக்கா இத்தனை பஞ்சாயத்து?"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. ராத்திரி மாமியார்கிட்ட அவங்களே சொன்னாங்க, "நான் போறேனுங்க அத்தை." மாமியார் ஒண்ணும் சொல்லலை. காலையில விபூதி வெச்சு அனுப்புனாங்க.

போன வியாழக்கிழமை எடுத்தாச்சு. நடந்தது இதுதான்: ஸ்கேன் மெஷின்ல பார்த்துக்கிட்டே மரத்துப்போக ஒரு ஊசி, அது மட்டும் எறும்பு கடிச்ச மாதிரி. அப்புறம் அரிசி அளவுக்கு ஒரு கீறல். அது வழியா ஊசி போய் சதையைத் துண்டா எடுக்குது. எடுக்கும்போது டப்புன்னு சத்தம் வருமாம், முன்னாடியே சொல்லிட்டாங்க, பயப்படலை. நாலஞ்சு துண்டு, ஒவ்வொண்ணும் சேமியா கணக்கா. பார்மலின் குப்பியில போட்டாங்க. பத்து நிமிஷம் அழுத்திப் பிடிச்சு ஒரு பிளாஸ்திரி. தையல் இல்லை. திரும்பி வரும்போது பெருந்துறையில இட்லி சாப்பிட்டுட்டு வந்தாங்க. ரெண்டு நாள் குடம் தூக்க வேண்டாம், பால் கறக்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. பால் கறக்கறது இப்ப மாமா.

ரிசல்ட் இன்னும் வரலை. வர்றதுக்கு முன்னாடியே இதை எழுதறேன், வேணும்னேதான். ஒண்ணுமில்லைன்னு வந்தா "பார்த்தியா, தேவையில்லாத வேலை"ம்பாங்க. இருக்குன்னு வந்தா "பார்த்தியா, குத்துனதால வந்துச்சு"ம்பாங்க. ரெண்டு பேச்சுக்கும் இடம் வைக்க எனக்கு இஷ்டம் இல்லை. ரிசல்ட் எதுவா இருந்தாலும், எடுத்தது சரி.

ரிப்போர்ட்டைக் கையில வெச்சிருக்கிறவங்களுக்கு

டாக்டர்கிட்ட இதைக் கேளுங்க. எழுதி எடுத்துட்டுப் போங்க, அங்க போனா மறந்துடும்.

என் நம்பர் என்ன? 4-ன்னா ஏ-யா, பி-யா, சி-யா?

எந்த ஊசி? மெல்லிய ஊசியால செல்லை மட்டும் உறிஞ்சறது ஒண்ணு. தடிச்ச ஊசியால சதையைத் துண்டா எடுக்கறது இன்னொண்ணு. ரெண்டாவதுலதான் வகையும் தெரியும். முதலாவதை மட்டும் செய்யறாங்கன்னா ஏன்னு கேளுங்க.

கட்டியா, இல்லை சுண்ணாம்புப் பொடி மாதிரி புள்ளிகளா? புள்ளி மட்டும்னா சாதா ஸ்கேன்ல பெரும்பாலும் தெரியாது, மேமோகிராம் மெஷின்லயே வெச்சு எடுக்கணும். அந்த வசதி எங்க இருக்குன்னு கேளுங்க. இந்தச் சுண்ணாம்புக்கும் நீங்க போடற வெத்தலைச் சுண்ணாம்புக்கும், கால்சியம் மாத்திரைக்கும் சம்பந்தம் இல்லை.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா முன்னாடியே சொல்லுங்க. சர்க்கரை இருந்தாலும் சொல்லுங்க. நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க.

ரிசல்ட் "ஒண்ணுமில்லை"ன்னு வந்தாலும், "படத்துல பார்த்ததுக்கும் இதுக்கும் ஒத்துப் போகுதா?"ன்னு கேளுங்க. ஒத்துப் போகலைன்னா மறுபடி எடுக்கச் சொல்லுவாங்க. அதுக்கும் சலிச்சுக்காதீங்க.

படத்துல ஒண்ணுமில்லை, ஆனா கைக்குக் கட்டி தட்டுப்படுதுன்னா, படத்தை நம்பிச் சும்மா இருக்காதீங்க. மேமோகிராம் சிலதைத் தவற விடும்.

காசு பிரச்சினைன்னா மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போய் எதுக்கெல்லாம் செல்லும்னு கேளுங்க.

முத்துலட்சுமி ரெட்டி அம்மா தன்னோட தங்கச்சியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவங்க. அந்த வேதனையில இருந்துதான் 1954-ல அடையார்ல 12 படுக்கையோட புற்றுநோய் ஆஸ்பத்திரி ஆரம்பிச்சது. சாந்தா அம்மா 2021-ல சாகற வரைக்கும் அங்கேயே இருந்து வைத்தியம் பார்த்தாங்க. ரெண்டு பொம்பளைங்க ஆயுசு முழுக்கப் பாடுபட்டு வளர்த்தது அது. இத்தனை வருஷம் கழிச்சும் நம்ம ஊர்ப் பந்தல்ல "கத்தி படக்கூடாது"தான் ஓடுதுன்னா வெக்கப்பட வேண்டியது நாமதான்.

ஆம்பளைங்களுக்குக் கடைசியா ஒண்ணு. உங்க வீட்டுல யாருக்காச்சும் இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தா கூட்டம் கூட்டாதீங்க. அவங்களைக் கேளுங்க, கேட்டதைக் காது குடுத்துக் கேளுங்க, வண்டியை எடுங்க. மஞ்சள் எங்கேயும் ஓடிப் போகாது. நாலு நாள் பிந்தி வெட்டுனா எடை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.